நாலு கிலோ விதைநெல்லும் ஐந்து நாளும்

முதல் நாள். ஜனவரி 18, 2025, சனி. பாகூர்

ஒரு கடனை அடைக்கக் கிளம்பிய பயணம் இது. போன வருஷம் என் அத்தை காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இரண்டு கிலோ காட்டுயானம் விதைநெல் வாங்கி வந்தார். காசு கொடுக்கவில்லை. அறுவடை முடிந்ததும் நாலு கிலோவாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் பரவிய வழக்கம். 174 பாரம்பரிய ரகங்களைச் சேர்த்த மனிதர் 2018 டிசம்பரில் போய்விட்டார். ரெண்டுக்கு நாலு கணக்கு மட்டும் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி. மூட்டையைச் சுமக்க சென்னையிலிருந்து நான்.

காலையில் புதுச்சேரியில் இறங்கியதும் காபி குடிக்கப் போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அழகான கடை. சணல் பையில் அதே காட்டுயானம் அரிசி, கிலோ நூற்று அறுபது ரூபாய். சர்க்கரை குறையும், எலும்பு உறுதிப்படும், இன்னும் என்னென்னவோ அச்சடித்திருந்தார்கள். எப்படிச் சமைப்பது என்று மட்டும் ஒரு வரி இல்லை. இந்த அரிசியை வெள்ளை அரிசி மாதிரி இரண்டு விசில் விட்டு இறக்கினால் பல்லுதான் போகும். வாங்கிப் போகிறவர் ஒருமுறை வேகாமல் தின்றுவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார்.

அத்தை வீட்டில் நேற்றிரவே ஊறவைத்திருந்தார். காலை பத்து மணிக்கு மண்பானையில் ஏற்றியது, வெந்து இறங்கப் பதினொன்றரை. கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். வெளியே செம்பழுப்பு, உள்ளே வெள்ளை. "இப்ப சோறா திங்காத. கஞ்சித் தண்ணியோட நாலு வாய். மிச்சத்துல தண்ணி ஊத்தி வெக்கிறேன், நாளைக்குக் காலைல பார்." மறுநாள் காலை அந்த நீராகாரத்தைச் சின்ன வெங்காயத்தோடு குடித்தபோது லேசான புளிப்பும் ஒரு கொட்டை வாசனையும் வந்தன. கிலோ நூற்று அறுபது ரூபாயில் இது அடங்காது.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சொர்ணாவூர் அணையில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு நாட்டியப் பெண்கள் தங்கள் செல்வத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நெல்லும் தண்ணீரும் மிஞ்சிய ஊரில்தானே படிப்புக்கு ஊரையே எழுதிவைக்க முடியும்.

ஆனால் அதே தென்பெண்ணைதான் டிசம்பரில் இவர்களை மூழ்கடித்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடியும் முன்பே சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர். அத்தையின் பதினைந்து சென்ட்டில் இடுப்புக்கு மேல் மூன்று நாள் நின்றதாம்.

நான் எதிர்பார்த்த கதை இதுதான்: பக்கத்துக் கட்டை ரகமெல்லாம் அழுகிப்போக, யானையே மறையும் உயரத்துக்கு வளர்கிற காட்டுயானம் கம்பீரமாக நின்றது. பாதிதான் சரி. "தண்ணிக்குத் தப்பிச்சிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு காத்து அடிச்சிது பாரு, அப்படியே படுத்திடிச்சி" என்றார் அத்தை. சாய்ந்த பயிரில் அறுவடை இயந்திரத்தை இறக்க மாட்டேன் என்று வண்டிக்காரர் திரும்பிப் போய்விட்டார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஆள் வைத்துக் கையால் அறுத்திருக்கிறார்கள். கூலி போக மிஞ்சியது மூன்று மூட்டையும் ஒரு பெரிய வைக்கோல் போரும். வைக்கோலில் மாட்டுக்கு மட்டும் முழுத் திருப்தி. ஆடியில் விதைத்துத் தையில் அறுக்கிற நூற்றெண்பது நாள் பயிர். அடுத்த வருஷம் போடுவீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு வெயில்தான் பட்டிருக்கு. தரையில வெக்காத. ஈரம் பட்டா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

இரண்டாம் நாள். ஜனவரி 19, ஞாயிறு. கடலூர், தேவனாம்பட்டினம்

பை முதுகில். வாடைக்காற்று முகத்தில். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வந்த கூட்டத்தைத் தாண்டி, படகு ஏற்றியிருக்கிற பக்கம் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பையைப் பார்த்து, "என்ன தம்பி, கருவாடா?" என்றார். விதைநெல் என்றதும் சிரித்துவிட்டார். கடற்கரைக்கு நெல் சுமந்து வந்தவனை அவர் பார்த்ததில்லையாம்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களைச் சொன்னார். எனக்கும் இவை புத்தகத்தில் தெரியும். தெரியாதது, அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர் எந்த வலையை எடுப்பார், எந்தப் பக்கம் படகைத் திருப்புவார், திரும்பிவர எத்தனை லிட்டர் டீசல் பிடிக்கும் என்பதெல்லாம் கூடவே வருவது. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, போவது சுலபம், வருவது பாடு. கட்டுமரமும் பாயும் இருந்த காலத்தில் இது உயிர் விஷயம். இப்போது ஃபைபர் படகும் மோட்டாரும் ஜி.பி.எஸ்ஸும் வந்துவிட்டன. மகன் போனில் காற்றின் வேகத்தைப் பார்க்கிறான். "அவன் பார்க்கறதும் சரியாத்தான் இருக்கு," என்றார். "எனக்கு என்னான்னா, அவன் போனைப் பார்க்கிறான், தண்ணியப் பார்க்கிறதில்ல."

புயலில் ஆறு புரண்டு வந்ததால் உங்களுக்கும் நஷ்டமா என்றேன். படகு போனவர்களுக்கு நஷ்டம், மற்றபடி ஆற்று வெள்ளம் கடலில் விழாத வருஷம்தான் மோசம் என்றார். கெடிலமும் பெண்ணையாறும் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு சேறும் குப்பையுமாகக் கொட்டினால், அப்புறம் இறால் வரும். முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் குஞ்சு உள்ளே போகவும் வழியில்லை, வளர்ந்தது வெளியே வரவும் வழியில்லை. வயலை மூழ்கடித்த அதே தண்ணீரை வரவு என்று எழுதுகிறவர்கள் இருபது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சுற்றி நாலு பேர் கூடி நாலு கட்சியாகிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2000-லேயே தடை செய்த வலை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திங்கள், வியாழன் இரண்டு நாள், 12 கடல் மைலுக்கு அப்பால் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. வைத்திருப்பவருக்கு அது போதாது, இல்லாதவருக்கு அதுவே அதிகம். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நழுவினேன்.

மதியச் சாப்பாடு கவலை மீன் குழம்பு. இந்தக் கரையில் மத்தி இனத்துச் சின்ன மீனுக்குக் கவலை என்று பெயர். விலை மலிவு, முள் அதிகம். பரிமாறிய அக்கா, "கவலைய தின்னுட்டுப் போ தம்பி, கவலை தீரும்" என்றார். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாரோ, எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள். ஜனவரி 20, திங்கள். வடலூர் வழியாகச் சிதம்பரம்

நேற்று கவலைக் குழம்பு, இன்று வள்ளலார். வயிற்றில் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் வடலூரில் இறங்கினேன்.

சத்திய தருமச்சாலையின் அடுப்பு 1867 மே 23 அன்று மூட்டப்பட்டது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் வள்ளலார் அதைத் தொடங்கினார். அன்றிலிருந்து அணைந்ததில்லை. பசி என்று வந்தவரிடம் சாதி கேட்பதில்லை, இருநூறு வருஷம் ஆகப்போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்த தாத்தா பெருமையோடு கொஞ்சம் கூட்டிச் சொன்னார். சோறு, சாம்பார், ரசம். பந்தியில் யாரும் அவசரப்படவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம், பந்தல் வேலை தொடங்கும் பேச்சு இருந்தது.

வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினமும் சாப்பாட்டில் சேர்க்கச் சொன்னவர். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் காசில்லாமல் கிடைத்ததைத்தான் அவர் எழுதினார். இன்று கரிசலாங்கண்ணிப் பொடி டப்பாவில் விற்கிறது. வரப்பில் களைக்கொல்லி அடித்துவிட்டு டப்பாவில் வாங்குகிறோம்.

அங்கிருந்து சிதம்பரம் போகிற வழியில் சேத்தியாத்தோப்பு. பக்கத்து வளையமாதேவியில்தான் 2023 ஜூலையில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்ட, நின்றிருந்த நெற்பயிரின் மேல் இயந்திரங்களை இறக்கினார்கள். பஸ் ஜன்னலில் பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரிகிறது.

சாயங்காலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பக்கம் நடந்தேன். நம்மாழ்வார் இளங்கலை வேளாண்மை படித்த இடம். ராத்திரி லாட்ஜில் கட்டிலுக்கடியில் சுரண்டல் சத்தம். எலி. அத்தையின் எச்சரிக்கை ஞாபகம் வந்து, பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

நான்காம் நாள். ஜனவரி 21, செவ்வாய். கிள்ளை

அந்த எலிக்குப் பயந்துதான் பையை லாட்ஜில் விடாமல் கிள்ளைக்கு எடுத்துப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது.

இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்றுதான் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். கிள்ளை பக்கத்து இருளர்கள் உப்பங்கழியில் மீனும் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். சுற்றுலாப் படகுத் துறைக்குப் போகாமல், அறிமுகமான ஒரு இருளர் தம்பியின் சின்னப் படகில் ஏறினேன். சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற சந்துகள் வழியாகப் போனோம். ஒரு மரத்துக் கிளையைத் தொடப் போனபோது தம்பி கையைத் தட்டிவிட்டார். தில்லை மரம். பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தலவிருட்சம். கோயிலைச் சுற்றி இருந்த காடு போய், மரம் இங்கேதான் மிச்சம்.

அப்போதுதான் பார்த்தேன், படகின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். என் பை அதில் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ. உப்புத் தண்ணீர்.

குடியிருப்பில் தம்பியின் பாட்டி, எல்லாருக்கும் அவர் ஆயா, பையைத் தூக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு வார்த்தை பேசாமல் அடிபம்பிலிருந்து இரண்டு குடம் அடிக்கச் சொன்னார். நெல்லை அகல அலுமினியச் சட்டியில் கொட்டி, மூன்று முறை அலசி வடித்தார். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார், கரிப்பு போய்விட்டதா என்று. அப்புறம் ஒரு பழைய சேலையை நிழலும் வெயிலுமாக விழுகிற இடத்தில் விரித்து, நெல்லைக் கைவிரலால் கோலம் கலைக்கிற மாதிரி தள்ளித் தள்ளிப் பரப்பினார். கால் மணிக்கு ஒருமுறை அதே போலத் துழாவினார். உச்சி வெயிலில் போட வேண்டாமா என்றேன்.

"நனைஞ்ச நெல்ல சுள்ளுன்னு வெயில்ல போட்டா உள்ள வெடிச்சிடும் தம்பி. எலி வளைல எடுத்த நெல்லு எல்லாம் ஈரம்தான். நாங்க காய வெச்சுதான குத்தித் தின்னோம்."

அவர் சின்ன வயதில் அறுப்பு முடிந்த வயலில் எலி வளை தோண்டப் போவார்களாம். எலி கதிரைக் கடித்துக்கொண்டு போய் வளைக்குள் தனி அறையில் அடுக்கி வைக்கும். வளைக்கு ஒரே வாசல் மட்டும் இருக்காது. தப்பிக்கிற வாசலை மெல்லிசாக மண் போட்டு மூடி வைத்திருக்கும். அதை முதலில் கண்டுபிடித்துக் கால் வைத்துக்கொண்டு, அப்புறம் இந்தப் பக்கம் புகை போட வேண்டும். எலியும் கிடைக்கும், நெல்லும் கிடைக்கும். "எலி சப்பட்ட நெல்ல சேக்காது. நல்ல மணியாத்தான் தூக்கினு போவும்." நிலக்காரருக்கு எலித் தொல்லை போகும், இவர்களுக்குச் சாப்பாடு. யாருக்கும் காசு கைமாறாத கணக்கு அது. இப்போது எலிக்கு மருந்து வைக்கிறார்கள், செத்த எலியை யார் தின்பது?

நெல் காய்கிற நேரத்தில் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆயா சிரித்தார். "அட்டமிக்கு வந்திருக்க. தண்ணி வத்தவே வத்தாது." அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது. அட்டமி நவமியில் தண்ணீர் மந்தமாக நிற்கும். கழி வற்றினால்தான் குந்திய நிலையில் தரை எட்டும். காலண்டரைக் கிழிக்காத வீட்டில் திதி மட்டும் தப்பவில்லை.

ஆனாலும் முற்றத்தில் உட்கார்ந்தபடியே செய்து காட்டினார். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் ஐந்தாறு பெண்கள் வரிசையாகக் குந்தி நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றின் மேல் தடவிக்கொண்டே போகும். இறால் முன்னால் போகாது, பின்பக்கமாகத் துள்ளும். அதனால் ஒரு கை முன்னால் சும்மா பயம் காட்ட, பிடிக்கிற கை பின்னால் காத்திருக்க வேண்டும். காட்டும்போது அவருடைய வலது கை காற்றில் சட்டென்று மூடியது. உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்திய பழைய தழும்பு. கையில் பட்டது இறாலா, நண்டா, கெளுத்தியா என்று தெரிந்துகொள்ளக் கண் சிமிட்டும் நேரம் கூடக் கிடையாது, தெரியாவிட்டால் மூன்று நாள் வேலை போச்சு என்றார்.

இந்தக் காட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு லேசானதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை கூப்பு போட்டு மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை குழிந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் ஆவியாகி உப்பு ஏறி, எதுவும் முளைக்காத பொட்டலாகிவிட்டது. அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்ற வற்றத் தண்ணீர் உள்ளே போய் வரச் செய்து, வெண்கண்டல் நட்டார்கள். வாய்க்கால் வெட்டிய கைகளில் இருளர் கைகளும் உண்டு. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. கடலோரம் திறந்து கிடந்த ஊர்களில் சேதம் அதிகம். 2022-ல் இந்தப் பிச்சாவரம் காடு, உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆயாவின் பேரன் இன்னும் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறான். போன வாரம் கூட ஒரு அலுவலகத்தில், இருளர் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார்களாம். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஆயா அந்த இடத்தில் மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

மதியம் உமிரிக் கீரை. உப்பு மண்ணில் சிவப்பும் பச்சையுமாகப் படர்கிற செடி. இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுப் பருப்போடு கடைந்தார்கள். உப்பு போடவில்லை. எனக்கு அப்படியும் கொஞ்சம் கரித்தது.

சாயங்காலம் நெல்லைச் சாக்கில் அள்ளும்போது, அலசலில் தோல் கழன்ற மணிகளையும் உடைந்ததையும் தனியாகப் பொறுக்கி எடுத்தார். ஒன்றைப் பல்லில் கடித்து, "சேப்பு நெல்லு" என்றார். எடுத்ததைக் கோழிக்குப் போட்டார். கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன.

ஐந்தாம் நாள். ஜனவரி 22, புதன். காட்டுமன்னார்கோயில்

வீராணம் ஏரிக்கரை நீளம் பஸ்ஸில் போகிறபோதுதான் புரிகிறது. கரை முடிகிற மாதிரியே இல்லை. பராந்தக சோழன் காலத்து ஏரி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004-லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் இதுதான் தண்ணீர். என் வீட்டுக் குழாயில் வருவதிலும் கொஞ்சம் இங்கிருந்து போயிருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் ஏற்கெனவே கடன்காரன்தான்.

விதை கொடுத்த ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். பையை வாங்கி முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு மணியை முன்பல்லில் வைத்து அழுத்தினார். டக் என்று உடையவில்லை, நசுங்கியது.

"நனைஞ்சிருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். படகு, உப்புத் தண்ணீர், ஆயா, மூன்று முறை அலசியது, சேலை, நிழலும் வெயிலும். அவர் முகம் மெல்ல இளகியது. உப்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, விதைக்கும் முன்பு முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டுவது அவர்களே செய்கிற வேலைதான் என்றார். பதர் மிதக்கும், கனத்த மணி அடியில் நிற்கும், உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். "நீ மட்டும் அப்படியே மூட்டையா கட்டி வெச்சு இன்னைக்குக் கொண்டாந்திருந்தா புழுங்கிப்போய் அத்தனையும் கோழிக்குத்தான். அந்த அம்மா காப்பாத்தியிருக்கு." புது அறுப்பு என்பதால் முளைத்திருக்காது என்றும் சொன்னார். நீண்ட நாள் ரகங்களில் அறுத்த நெல் சில வாரம் தூங்குமாம், மழையில் நனைந்தாலும் எழுந்திருக்காது.

தார்ப்பாயில் இல்லாமல் சாணம் மெழுகிய களத்தில் நெல்லைக் கொட்டினார். ஒரு வாரம் இளவெயில், பிறகு அடுத்த புதன் தை அமாவாசையில் முழு வெயில். அன்றைக்குக் காய்ந்த விதையில் பூச்சி அண்டாது என்பது அவர் கணக்கு. அப்புறம் நொச்சி இலையும் வசம்பும் போட்டு வைக்கோலில் கோட்டை கட்டிவிடுவார்.

எடை போட்டார். மூன்றே முக்கால். கால் கிலோ குறைவு. கோழிகளை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து, பாகூர், காட்டுயானம் என்ற வரிக்கு நேரே நாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மூன்றே முக்கால் என்று எழுதினார். தள்ளுபடி பேச்சே எழவில்லை.

சாய்ந்துபோனதையும் இயந்திரம் திரும்பிப் போனதையும் அத்தை சார்பில் சொன்னேன். ஐயா யோசித்தார். உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். பூங்கார், இரண்டு கிலோ. நாளும் குறைவு, உயரமும் அவ்வளவு வராது, பாகூர் மண்ணுக்கு நிற்கும் என்றார். நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதி, பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"அத்தைக்குப் பதிலா நீயே கையெழுத்துப் போடு. நாலேகால். பழைய பாக்கியும் சேத்துதான்."

சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காட்டி லக்கேஜா என்றார். மடியில் வைத்துக்கொண்டேன்.